பன்னிரண்டு நிறத்தில் சென்னை வெயில்: ஒரு வருடம் பின்னிய பிறகு எழுதும் விமர்சனம்

நான் வாங்கிய போர்வை பின்னும் கிட்டைப் பற்றி, பாதி படித்துவிட்டு ஓடிப்போகிறவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூலுக்கு ஐந்துக்கு மூன்று, கூட வந்த ஊசிக்கு அரை, அந்த வெப்பநிலை அட்டைக்குப் பூஜ்யம். ஆனால் அந்தப் பூஜ்யம் வாங்கிய அட்டைதான் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே மாதிரி கிட் விற்பவர்கள் இப்போது பத்துப் பேர் இருக்கிறார்கள், நான் பார்த்த வரை எல்லோருடைய அட்டையும் ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதினதுதான்.

என்ன பொருள் என்றால், "டெம்பரேச்சர் பிளாங்கெட்" கிட். ஒரு நாளைக்கு ஒரு வரிசை என்று குரோஷாவில், அதாவது கொக்கி ஊசியால், பின்ன வேண்டும். அன்றைக்கு உங்கள் ஊரில் எவ்வளவு வெயிலோ, அதற்கென்று ஒதுக்கிய நிறத்தில் அந்த வரிசை. ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை பின்னினால் 365 வரிசை, ஒரு வருட வெயில் மொத்தமும் மடியில் மடித்து வைக்கும்படி கையில் இருக்கும். கணக்கில் ஆர்வம் உள்ளவர்களுக்கும் பிடிக்கும், கையால் ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் என்கிறவர்களுக்கும் பிடிக்கும். நான் இரண்டும். வேலை நாள் முழுக்க எக்செல்லில் கோட்டுப்படம் போடுவது, ராத்திரி சீரியல் ஓடும்போது குரோஷா. 2022 டிசம்பரில் விளம்பரம் கண்ணில் பட்டதும் 2,850 ரூபாயைத் தட்டிவிட்டேன், யோசிக்கவே இல்லை.

இது ஏதோ இன்ஸ்டாகிராம் பைத்தியம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். உலகம் சூடாவதைக் காட்டும் நீல-சிவப்புப் பட்டைகளை எங்காவது பார்த்திருப்பீர்கள், எண்ணே இல்லாமல் வருடத்துக்கு ஒரு கோடாக, இடது ஓரம் நீலத்தில் தொடங்கி வலது ஓரம் ரத்தச் சிவப்பில் முடியும். அதை 2018-இல் வெளியிட்டவர் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்துக் காலநிலை விஞ்ஞானி எட் ஹாக்கின்ஸ். அதற்கு முந்தின வருடமே, அதே பல்கலைக்கழகத்தில் இருந்த எல்லி ஹைவுட் என்ற விஞ்ஞானி, 1916 முதல் 2016 வரையிலான உலக வெப்பநிலையை வைத்து ஒரு குழந்தைப் போர்வை குரோஷாவில் பின்னியிருந்தார். ஹாக்கின்ஸின் பட்டைகளுக்கு அந்தப் போர்வையும் ஒரு தூண்டுதல். இன்றைக்கு பஸ் மேலும் கால்பந்து சட்டை மேலும் அச்சாகிற அந்தப் படத்துக்கு ஒரு குழந்தைப் போர்வை அக்கா முறை ஆகவேண்டும் என்று நினைத்தாலே எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இதைவிடப் பிடித்தது. ஜெர்மனியில் ஒரு பெண்மணி 2018 முழுக்கத் தான் போய்வரும் ரயில் எவ்வளவு தாமதம் என்று தினமும் இரண்டு வரிசை பின்னிக் கழுத்துத்துண்டு ஆக்கினார். ஐந்து நிமிடத்துக்குள் என்றால் சாம்பல், அரை மணிக்குள் என்றால் இளஞ்சிவப்பு, அதற்கும் மேலே போனாலோ இரண்டு பக்கமும் தாமதமானாலோ சிவப்பு. இணையத்தில் ஏலம் விட்டபோது 7,550 யூரோவுக்குப் போனது. ஏலத்தில் எடுத்தது அந்த ரயில்வேயேதான். புகார்க் கடிதத்துக்கு இப்படி ஒரு விலை கிடைத்து நான் கேள்விப்பட்டதில்லை.

சரி, பெட்டிக்கு வருவோம்.

உள்ளே 12 நிறத்தில் 50 கிராம் அக்ரிலிக் நூல் கண்டுகள், ஒரு 3.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஊசி, தேதி போட்ட சின்ன டைரி, துணிப்பை ஒன்று, அப்புறம் அந்த அட்டை. நல்ல வழவழப்பான அட்டை, தங்க எழுத்து. எந்த வெப்பநிலைக்கு எந்த நிறம் என்று 12 கட்டம். முதல் கட்டம் "மைனஸ் 10-க்குக் கீழே". இரண்டாவது மைனஸ் 10 முதல் மைனஸ் 5 வரை. இப்படியே ஐந்தைந்து டிகிரியாக ஏறி, கடைசிக் கட்டம் "40-க்கு மேல்".

சென்னையில் உட்கார்ந்து இதைப் படித்துப் பாருங்கள். பகல் உச்ச வெப்பநிலையை எடுத்துக்கொண்டால் நமக்கு ஜனவரியிலேயே 29, 30. அடைமழை நாளில் 25 பக்கம் இறங்கும், அதோடு சரி. மே மாதத்தில் 40-ஐத் தொடும், சில நாள் தாண்டும். அந்த அட்டையின்படி போனால் எனக்கு வேண்டியது நான்கே நிறம். அதிலும் 30 முதல் 35 வரை உள்ள ஆரஞ்சு மட்டும் வருடத்தில் பாதிக்கு மேல். 12 கண்டுக்குக் காசு கொடுத்துவிட்டு, எட்டுக் கண்டைத் தொடாமலே பீரோவில் வைத்துவிட்டு, ஒரு பிரம்மாண்டமான ஆரஞ்சுத் துண்டைப் பின்னிப் போர்த்திக்கொள்ள வேண்டியதுதான். நல்லவேளை, ஊசியை எடுப்பதற்கு முன்னாலேயே இது உறைத்தது.

ஐந்தைந்து டிகிரி அட்டையில் ஒரு நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2017-இல் தொடங்கிய டெம்பஸ்ட்ரி என்றொரு முயற்சி இருக்கிறது, அதில் எந்த ஊர்க்காரர் பின்னினாலும் ஒரே நிற அளவுகோல்தான். ஏனென்றால் அலாஸ்காவையும் அரிசோனாவையும் பக்கத்தில் தொங்கவிட்டால் ஒப்பிடத் தெரியவேண்டும். அங்கே எல்லா ஊருக்கும் ஒரே அட்டை என்பது யோசித்து எடுத்த முடிவு. என் கிட் விற்றவர்கள் யோசிக்கவில்லை. எங்கோ பனி பெய்யும் ஊருக்குப் போட்ட அட்டையைப் பாரன்ஹீட்டிலிருந்து செல்சியஸுக்கு மாற்றி, மேலே தங்க எழுத்து அடித்து, "இந்தியச் சூழலுக்கு ஏற்றது" என்று எழுதிவிட்டார்கள். ஊட்டியில்கூட மைனஸ் 10 கிடையாது ஐயா.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நானே கட்டம் போட்டேன். இதுதான் இந்த வேலையின் உயிர், கிட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. முந்தின வருடத்தின் தினசரி உச்சத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். வானிலை ஆய்வு மையம் சென்னைக்கு நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்று இரண்டு இடத்துக் கணக்கைத் தருகிறது, கோடை மத்தியானத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு, கடல்காற்று மீனம்பாக்கத்துக்குப் போய்ச் சேரத் தாமதமாகும் என்பதால் அங்கே பொதுவாகக் கொஞ்சம் கூட. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருடம் முழுக்க மாறக்கூடாது. நான் நுங்கம்பாக்கத்தைப் பிடித்தேன், வீட்டுக்குப் பக்கம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

அடுத்த கேள்வி, கட்டத்தை எப்படிப் பிரிப்பது. ஒவ்வொரு நிறமும் சுமார் முப்பது நாள் வரும்படி பிரிக்கலாம். நூல் சமமாகத் தீரும், பார்க்கவும் பளிச்சென்று இருக்கும். ஆனால் அது கொஞ்சம் ஏமாற்று வேலை. நாள் நெரிசலாக இருக்கும் இடத்தில் 33.8-க்கும் 34.3-க்கும் வேறு வேறு நிறம் வந்துவிடும், உச்சியில் 39-உம் 42-உம் ஒரே நிறத்தில் படுத்துக்கொள்ளும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது, அந்த மாதிரி ஒரு நாள் வந்தால் அதுவும் சாதாரண மே மாதத்து வரிசையோடு கலந்து காணாமல் போகும். அதனால் சம அகலமாகவே பிரித்தேன். 26-க்குக் கீழே ஒரு நிறம், அங்கிருந்து ஒன்றரை ஒன்றரை டிகிரியாகப் பத்து நிறம், 41-க்கு மேல் ஒன்று. ஆக 12. மைனஸ் 10-க்காக வந்த அடர்நீலம் சென்னையின் அடைமழைக்குப் போயிற்று. எல்லாக் கண்டுக்கும் வேலை கிடைத்தது.

இந்த ஒரு பக்கத்தை, "உங்கள் ஊருக்கு நீங்களே கட்டம் போடுவது எப்படி" என்று அவர்களே அச்சடித்துப் பெட்டிக்குள் வைத்திருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன். அதற்கு அச்சுச் செலவு இரண்டு ரூபாய் ஆகுமா?

நீளக் கணக்கும் தப்பு. 100 தையல் அகலத்தில் டபுள் குரோஷே போடச் சொல்கிறது குறிப்பு. (பிரிட்டிஷ் முறையில் டபுள் என்பதும் அமெரிக்க முறையில் சிங்கிள் என்பதும் ஒரே தையல், குறிப்பில் எந்த முறை என்று போடவில்லை, படத்தைப் பார்த்துத்தான் அமெரிக்க முறை, அதாவது உயரமான தையல், என்று கண்டுபிடித்தேன்.) என் கைக்கு அந்தத் தையல் ஒரு வரிசை 1.4 சென்டிமீட்டர் உயரம் வருகிறது. 365-ஆல் பெருக்குங்கள், ஐந்து மீட்டருக்கு மேல். போர்வை இல்லை, எட்டு முழ வேட்டியே மூன்றரை மீட்டர் சொச்சம்தான். குட்டைத் தையலான சிங்கிளில் போட்டால் 0.6 சென்டிமீட்டர், இரண்டு மீட்டர் இருபதுக்குள் முடியும். நான் அதைத்தான் போட்டேன். அகலம் 55 சென்டிமீட்டர்தான் என்பதால் போர்வை என்று சொல்ல வாய் வரவில்லை, மேல்துண்டு என்று வேண்டுமானால் சொல்லலாம். அகலத்தைக் கூட்டியிருக்கலாம், நூல் பத்தாது.

நூல் பத்தாது என்பதிலிருந்துதான் அடுத்த கதை.

ஒரு கண்டில் எனக்கு 36 வரிசை வந்தது. 33.5 முதல் 35 வரையிலான நாள்களுக்கு வைத்திருந்த மஞ்சள் செப்டம்பருக்குள் தீரும் நிலைக்கு வந்தது. அதே கடையில் அதே எண்ணைக் கொடுத்து இன்னொரு கண்டு வாங்கினேன். வந்தது மஞ்சள்தான், ஆனால் அந்த மஞ்சள் இல்லை. பழையது வாழைப்பழம், புதியது மாம்பழம். பின்னல் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு முறை சாயம் போடும்போதும் நிறம் ஒரு நூல் அங்கே இங்கே போகும், அதனால்தான் லேபிளில் லாட் நம்பர் என்று ஒன்று போடுகிறார்கள். ஸ்வெட்டராக இருந்தால் "பரவாயில்லை, கை இடுக்கில் மறைந்துவிடும்" என்று விட்டுவிடலாம். இங்கே அப்படி விட முடியாது, நிறம்தானே இங்கே எண். மாம்பழ மஞ்சளைப் பார்ப்பவர்கள் செப்டம்பரிலிருந்து ஏதோ ஒரு டிகிரி ஏறிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினேன். "கலர் வேரியேஷன் நார்மல் மேடம்" என்று பதில், கூடவே ஒரு கும்பிடு. லாட் நம்பர் பார்த்து அனுப்ப முடியுமா என்று கேட்டதற்கு இன்றுவரை நீல டிக் மட்டும்தான்.

கடைசியில் என்ன செய்தேன் என்றால், பழைய மஞ்சளில் கைவசம் இருந்த ஏழெட்டு மீட்டரை வைத்துக்கொண்டு இரண்டு மஞ்சளையும் மாற்றி மாற்றிச் சில வரிசை போட்டேன், கண்ணுக்கு மெதுவாக மாறும்படி. முழுதாக மறையவில்லை. தெரிந்த கண்ணுக்குத் தெரியும். எனக்குத் தெரியும்.

நூலின் தரம்? மோசம் இல்லை. முறுக்கு நன்றாக இருக்கிறது, ஊசியில் பிரிந்து பிரிந்து வரவில்லை. இரண்டு கண்டில் நடுவே முடிச்சு இருந்தது, அது எந்தக் கம்பெனி நூலிலும் வருவதுதான். ஆனால் அந்த அடர்சிவப்பு, 41-க்கு மேல் போட்டது, சாயம் போகிறது. தண்ணீரில் நனைத்த வெள்ளைத் துணியால் முதலிலேயே தேய்த்துப் பார்த்திருக்க வேண்டும், அந்தப் புத்தி ஜூலையில்தான் வந்தது, மேலே காபி கொட்டியபோது. ஓரமாக மட்டும் அலசினேன். சிவப்பு இறங்கிப் பக்கத்து வரிசைகள் லேசாக ரோஜா நிறமாகிவிட்டன. வெயில் குறைந்த ஒரு நாள் அநியாயத்துக்குச் சிவந்து நிற்கிறது. வாங்குகிறவர்கள் தயவுசெய்து 12 நிறத்தையும் முதல் நாளே தண்ணீரில் சோதித்துவிடுங்கள்.

ஊசி பிப்ரவரியிலேயே கழுத்தில் ஒடிந்தது. 120 ரூபாய்க்கு அலுமினிய ஊசி வாங்கினேன், அதைப் பற்றிப் பேச வேறொன்றும் இல்லை.

அக்ரிலிக்கைப் பற்றி ஒன்று. மே மாதம் சென்னையில், முக்கால் மீட்டர் வளர்ந்துவிட்ட அக்ரிலிக் துணியை மடியில் போட்டுக்கொண்டு, இன்று எவ்வளவு வெயில் என்பதை அதே வெயிலில் உட்கார்ந்து பின்னுவது ஒரு தனி அனுபவம். தொடை வேர்க்கும், நூல் விரலில் ஒட்டும். போர்வை ஏசி அறைக்குள் போயிற்று, கரண்ட் பில்லையும் கிட்டின் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பருத்தி நூலில் இதே கிட் போட்டால் விலை கூடும், ஆனால் நம் ஊருக்கு அதுதான் சரி.

நிறங்களின் வரிசையிலும் ஒரு கோளாறு. வானவில் மாதிரி நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று அடுக்கியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரருக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரியாது. ஆகஸ்டில் ஒருநாள் போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஜனவரியும் மே மாதமும் ஏன் ஒரே மாதிரி இருக்கு?" என்று கேட்டார். இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் போனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி, நடுப்பச்சையும் ஒரு சிவப்பும் ஒரே சாம்பலாக நின்றன. வெயில் ஏற ஏற நிறம் அடர்ந்துகொண்டே போகிற மாதிரி அடுக்கியிருந்தால் இந்தப் பிரச்சினை வராது. கண்டுகளைத் தரையில் வரிசையாக வைத்து, ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஊசியை எடுங்கள். பக்கத்துப் பக்கத்து நிறம் இரண்டும் கரைந்து ஒன்றாகத் தெரிந்தால் ஒன்றை மாற்றிவிடுங்கள். ஒரு நிமிட வேலை, எனக்கு எட்டு மாதம் கழித்துத் தெரிந்தது.

நூல் முனைகள். அடடா, நூல் முனைகள். நிறம் மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் இரண்டு முனை தொங்கும். நேற்றும் இன்றும் ஒரே கட்டம் என்றால் தப்பித்தோம், ஆனால் ஒன்றரை டிகிரிக் கட்டத்தில் அது அடிக்கடி நடக்காது. நான் பேராசைப்பட்டுக் கட்டத்தைக் குறுக்கினதற்குத் தண்டனை, பின்பக்கம் மாங்கொட்டையில் நார் மாதிரி நூற்றுக்கணக்கில் முனைகள். அடுத்த வரிசை பின்னும்போதே முனையை உள்ளே வைத்து மூடிக்கொண்டே போகலாம் என்று மார்ச்சில் ஒரு வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஜனவரி, பிப்ரவரி முனைகளை இன்னும் கோக்கவில்லை, கோக்கவும் போவதில்லை.

இவ்வளவு திட்டிவிட்டேன். இப்போது நல்லதைச் சொல்கிறேன்.

அந்த டைரி அருமை. ஒரு நாளைக்கு ஒரு சின்னக் கட்டம், அதில் எண்ணை எழுதலாம், பக்கத்தில் நான்கு வார்த்தை எழுதலாம், அவ்வளவுதான் இடம். பின்ன முடியாத நாளில் எண்ணை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, ஞாயிறன்று ஏழு வரிசையைச் சேர்த்துப் போடலாம். நான் மூன்று முறை இரண்டு வாரத்துக்கு மேல் பின்தங்கினேன், டைரி இருந்ததால் பிழைத்தேன்.

அப்புறம், துணி பேச ஆரம்பித்துவிடுகிறது, அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. 2023 மே மாதம் கத்திரி முடிந்தது, ஆனால் வெயில் முடியவில்லை. பள்ளி திறக்கிற தேதியை ஜூன் 7-க்குத் தள்ளினார்கள், அப்புறம் ஜூன் 12-க்குத் தள்ளினார்கள். அதெல்லாம் செய்தியில் வந்து போய்விட்டது, யாருக்கும் நினைவில்லை. என் போர்வையில் அது ஒரு தடித்த சிவப்புப் பட்டையாக அப்படியே இருக்கிறது, நான் கத்திரி முடிவுக்கு அடையாளமாக ஓரத்தில் கட்டிய வெள்ளை நூலைத் தாண்டியும் சிவப்பு இறங்குகிறது. அது முடிந்து கொஞ்ச நாளிலேயே, ஜூன் 19, திங்கட்கிழமை, விடிய விடியப் பெய்த மழைக்குப் பள்ளிக்கு லீவு விட்டார்கள். சிவப்புக்குக் கீழே திடீரென்று குளிர்நிறத்தில் ஒரு கோடு. விரலால் தடவினால் ஒரு வரிசைதான், ஒரு சென்டிமீட்டர்கூட முழுதாக இல்லை. ஆனால் கண் நேராக அங்கேதான் போகிறது. அலுவலகத்தில் ஆயிரம் கோட்டுப்படம் போட்டிருக்கிறேன், ஒன்றிலும் ஒரு புள்ளியை இப்படி நின்று பார்த்ததில்லை. அந்தப் புள்ளியைப் போட எனக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லையே, இந்த வரிசைக்கு இருபது நிமிடம் ஆனது.

டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், மூன்று நாள் கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. போர்வையை ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டி லாஃப்டில் ஏற்றிவிட்டுப் படுத்தோம். வீட்டில் முதலில் காப்பாற்றிய பொருள் அதுதான், பத்திரங்களுக்கும் முன்னால், இதை வெளியே சொல்ல வேண்டாம் என்று வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டார். கரண்ட் வந்து நாலைந்து நாள் கழித்து அந்த நாள்களின் கணக்கை எடுத்துப் பின்னினேன். நீல நிறங்கள் வரிசையாக, பார்க்க அழகாக, குளுகுளுவென்று. அந்த அழகுதான் எனக்கு உறுத்தியது. அந்த நாள்களை வெப்பநிலையால் அளந்தால் இதமான வாரம் என்றுதான் துணி சொல்லும், தெருவில் ஓடிய படகைப் பற்றி ஒரு தையல்கூடச் சொல்லாது. மழையளவையும் ஓரத்தில் ஒரு மணியாகக் கோத்திருக்கலாம் என்று அப்போது தோன்றியது. அடுத்த முறை.

காசுக் கணக்கு. பாரிமுனைப் பக்கம் போய் இதே எடையில் நூலை நீங்களே பொறுக்கினால் கண்டு 90 ரூபாய், 12-க்கு 1,080. நல்ல ஊசி 120. ஆக 1,200 ரூபாயில் வேலை முடிந்தது, மீதி 1,650 அந்த டைரிக்கும் பைக்கும் தங்க எழுத்துக்கும். முக்கியமாக, கடையிலேயே லாட் நம்பர் பார்த்து, மஞ்சளிலும் ஆரஞ்சிலும் இரண்டிரண்டாக எடுத்துக்கொள்ளலாம். குரோஷா தெரியாதவர்கள், பொறுமை குறைந்தவர்கள் எம்பிராய்டரியில் போகலாம். ஆங்கர் நூல் சின்னக் கண்டு எட்டு மீட்டர், ஆறு இழை, இரண்டு இழையாகப் பிரித்து ஒரு வளையத்துக்குள் நாளைக்கு ஒரு சின்னக் கோடாக வட்டமாகத் தைத்துக்கொண்டே வந்தால் வருடம் முழுக்க ஒரு தட்டு அகலத்தில் முடியும். மடி வேர்க்காது.

யாருக்குக் கிட்டைச் சிபாரிசு செய்வேன்? பரிசு கொடுக்க வேண்டும், பெட்டி அழகாக இருக்க வேண்டும் என்றால் வாங்குங்கள், அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கொடுங்கள். மற்றபடி வேண்டாம்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. அம்மா என்னோடுதான் இருக்கிறாள். அந்தக் காலத்தில் தெருவுக்கே ஒயர் கூடை பின்னிக் கொடுத்தவள், சிவன் கண் போடுவாள், நெல்லிக்காய் முடிச்சுப் போடுவாள், கண்ணாடி போடாமலே போடுவாள். நான் வருடம் முழுக்க நோட்டுப் புத்தகமும் கையுமாக அலைந்ததைப் பார்த்து, "ஏண்டி, வெயில் அடிச்சதுக்குக் கூடவா கணக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். டிசம்பர் கடைசியில் ஒருநாள் பார்த்தால் சமையலறைக் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதில் கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதிக்கெல்லாம் வட்டம் போட்டு வைப்பது அவள் முப்பது வருடப் பழக்கம். இரண்டு வட்டத்துக்கு நடுவே எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினாள். 45 நாளுக்கு மேல் ஓடின சிலிண்டருக்குப் பச்சை ஒயர், 35-க்கு மேல் மஞ்சள், அதற்கும் கீழே சிவப்பு. ஒரு சிலிண்டருக்கு ஒரு சுற்று. எதற்கு 45, எதற்கு 35 என்று கேட்டேன். "நாப்பத்தஞ்சு ஓடினா நல்லா ஓடுச்சுன்னு அர்த்தம், முப்பத்தஞ்சுக்குக் கீழ போனா யாரோ வந்திருக்காங்கன்னு அர்த்தம், இதுக்கு எதுக்கு ஞாயித்துக்கிழமை பூரா உக்காரணும்?" என்றாள்.

ஒன்பது சிலிண்டர், ஒன்பது சுற்று, நான்கே நாளில் ஒரு சின்னக் கூடை. பச்சையும் மஞ்சளுமாக நன்றாகத்தான் இருந்தது, நடுவில் மட்டும் ஒரே ஒரு சிவப்புச் சுற்று. அந்தச் சிலிண்டர் 27 நாள். தங்கை மூன்று பிள்ளைகளோடு மே மாதம் முழுக்க இங்கே இருந்தபோது மாற்றியது.

பொங்கலுக்குத் தங்கை வந்தாள். கூடையைத் தூக்கிப் பார்த்து, "அழகா இருக்கும்மா, ஆனா இங்க மட்டும் ஏன் சிவப்பு?" என்று கேட்டாள். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"சும்மாடி. மஞ்சள் ஒயர் தீர்ந்துபோச்சு."